பள்ளி உளவியலாளரின் வேலை உத்தரவில் என்ன எழுதியிருக்கு?

உங்க அண்ணன் பிள்ளையோ அக்கா பிள்ளையோ அமெரிக்காவில் படிச்சா 'ஸ்கூல் சைக்காலஜிஸ்ட்' என்ற பெயரைக் கேட்டிருப்பீங்க. பிள்ளைக்குப் படிப்பு ஏறலை, வகுப்பில் உட்கார மாட்டேங்கிறான், யார் கூடவும் பேசறதில்லை என்றால் பள்ளிக்கூடம் இவரிடம்தான் அனுப்பும்.

இந்த வேலைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் எனக்குத் தெரியும் விஷயம் ஒன்றுதான். பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்த உளவியலாளரின் நல்ல மனசு மட்டும் முடிவு செய்யவில்லை. அவரை யார் நியமிச்சாங்க, எதுக்காக நியமிச்சாங்க, எத்தனை பிள்ளைகளை அவர் தலையில் கட்டினாங்க என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்தது.

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

1) கதை கட்டாயக் கல்வியில் தொடங்குகிறது. 1852-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் முதலில் சட்டம் போட்டது. 1918-ல் கடைசியாக மிசிசிப்பி போட்டது. அதற்கு முன் படிப்பு வராத பிள்ளை வயலுக்கோ மில்லுக்கோ போய்விடும். இனி அந்தப் பிள்ளையும் வகுப்பில் இருந்தாக வேண்டும். கப்பலில் வந்து இறங்கிய, இங்கிலீஷ் தெரியாத பிள்ளை, காது சரியாகக் கேட்காத பிள்ளை, பசியோடு வரும் பிள்ளை எல்லோரும் ஒரே பெஞ்சில். பள்ளிகள் திணறின.

2) 1896. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற உளவியல் பேராசிரியர். ஒரு ஆசிரியை தன் மாணவன் ஒருவனை அவரிடம் கூட்டிப் போனார். பையனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க, எழுத வரவில்லை. விட்மர் சோதித்ததில் பார்வைக் கோளாறு தெரிய வந்தது. கண்ணாடி போட்டு, தனியாகப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். உலகின் முதல் உளவியல் கிளினிக் என்று வரலாறு சொல்வது இதைத்தான்.

கவனிங்க. அங்கே கேட்கப்பட்ட கேள்வி: "இவனுக்கு என்ன உதவி வேணும்?"

3) 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேவும் டாக்டர் தியோடர் சிமோனும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டு தனிக் கவனம் தருவதுதான் அதன் நோக்கம். 1908-ல் ஹென்றி காடர்டு அதை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார். 1916-ல் ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி வெளியிட்டார். ஐக்யூ என்ற எண் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

பள்ளி நிர்வாகங்களுக்கு இது ரொம்பப் பிடித்துப் போச்சு. செலவு கம்மி. சீக்கிரம் முடியும். கடைசியில் கையில் ஒரு நம்பர் கிடைக்கும். கேள்வியும் மாறிப் போச்சு: "இவனை எந்த வகுப்புக்கு அனுப்பலாம்?" அதைச் சொல்வதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

4) அந்த ஆட்களில் ஒருவர் லீட்டா ஹாலிங்வொர்த். ஆசிரியையாக இருந்தவர். கல்யாணமாகி நியூயார்க் வந்தால், கல்யாணமான பெண்களுக்கு அந்த நகரப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை கிடையாது என்று விதி! அப்புறம் படித்து, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று அனுப்பப்படுவோருக்குப் பினே சோதனை நடத்தும் வேலையில் சேர்ந்தார். 1914-ல் நியூயார்க் நகரத்தின் முதல் சிவில் சர்வீஸ் உளவியலாளர் ஆனார்.

சோதனை செய்யச் செய்ய அவருக்கு ஒன்று புரிந்தது. அங்கே அனுப்பப்பட்ட வளரிளம் பருவத்தினரில் பலருக்கு அறிவில் குறையே இல்லை. அவர்களுக்கு இருந்தது அந்த வயசுக்கே உரிய சிக்கல்கள். பின்னாளில் வளரிளம் பருவ உளவியல் பற்றிப் புத்தகமே எழுதினார். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி சோதனை நடத்துவதற்காகப் போடப்பட்டது.

5) 1915-ல் கனெக்டிகட் மாநிலக் கல்வி வாரியம் ஆர்னால்டு கெசலை நியமித்தது. அமெரிக்காவில் 'ஸ்கூல் சைக்காலஜிஸ்ட்' என்ற பதவிப் பெயரை முதலில் வாங்கியவர் இவர்தான். உளவியலில் டாக்டர் பட்டம், அதோடு மருத்துவப் பட்டமும். வேலை? மாநிலப் பள்ளிகளுக்குப் போய்ப் பின்தங்கிய பிள்ளைகளைப் பரிசோதித்து, என்ன செய்யலாம்னு சொல்வது. ஒரு மாநிலத்துக்கு ஒரு ஆள்!

6) அடுத்த நாற்பது வருஷம் யார் வேண்டுமானாலும் இந்த வேலையைச் செய்யலாம் என்ற நிலைதான் பல இடங்களில். மாநிலத்துக்கு மாநிலம் தகுதி வேறு, பதவிப் பெயர் வேறு. 1954 ஆகஸ்டில் வெஸ்ட் பாயின்ட்டில் தேயர் ஹோட்டலில் 48 பேர் கூடி, யாரை இந்தப் பெயரில் அழைக்கலாம், எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று விவாதித்தார்கள். டாக்டர் பட்டம் பெற்றவர் ஒரு நிலை, இரண்டு வருஷம் மேற்படிப்பு முடித்துச் சோதனை நடத்துபவர் இன்னொரு நிலை என்று பரிந்துரைத்தார்கள்.

1969-ல் இவர்களுக்கென்று தேசிய சங்கம் உருவானது. இன்று அந்தச் சங்கத்தின் தரப்படி 1,200 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

7) இனிதான் முக்கியமான கட்டம். கலிஃபோர்னியா. 'கற்பிக்கத் தகுந்த மனவளர்ச்சி குன்றியோர்' என்று தனி வகுப்புகள். ஒரு தடவை உள்ளே போன பிள்ளை வெளியே வருவது கஷ்டம்.

அந்த வகுப்பில் போடப்பட்ட ஒன்பது மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்காக வழக்கு நடந்தது. வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். சோதனை நடந்ததோ இங்கிலீஷில்! ஸ்பானிஷ் தெரிந்தவரை வைத்துத் திரும்பச் சோதித்தபோது பெரும்பாலோருக்கு மதிப்பெண் நன்றாக ஏறியது. 1970-ல் மாநிலம் சமரசத்துக்கு வந்தது. இனி பிள்ளையின் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும்.

அடுத்து சான் ஃபிரான்சிஸ்கோ கருப்பினப் பிள்ளைகளின் வழக்கு. 1971-ல் போட்டது. 1968-69-ல் மாநில மாணவர்களில் கருப்பினப் பிள்ளைகள் 9 சதவீதம். இந்தத் தனி வகுப்புகளிலோ 27 சதவீதம். கருப்பின உளவியலாளர்கள் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சோதித்தார்கள். மதிப்பெண் கூடியது. 1979-ல் நீதிபதி ராபர்ட் பெக்கம், அந்த வகுப்புகளுக்குக் கருப்பினப் பிள்ளைகளை அனுப்ப ஐக்யூ சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

முதல் சோதனையை நடத்தியவர்கள் எல்லாம் கெட்டவங்களா? அப்படிச் சொல்ல முடியாது. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது பள்ளி நிர்வாகம். பிள்ளையை வகுப்பில் வைத்துக்கொள்ள விரும்பாததும் சில நேரம் அதே நிர்வாகம். முதலாளி ஒரு பக்கம், பிள்ளை மறு பக்கம் என்றால் உளவியலாளர் யாருக்கு ஆள்? இந்தக் கேள்விக்கு நியமன உத்தரவில் பதில் இல்லை.

8) 1975-ல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் அனைவருக்கும் கல்வி என்ற சட்டம் வந்தது. மகத்தான சட்டம், சந்தேகமே இல்லை. பத்து லட்சம் பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பதாக அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கு. அவர்களுக்குக் கதவு திறந்தது. உளவியலாளர் பணியிடங்களும் பெருகின.

கூடவே காகிதமும் பெருகியது. தனிக் கல்வி வேணும் என்றால் முதலில் மதிப்பீடு. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மறுமதிப்பீடு. பெற்றோர் சம்மதம் கொடுத்தால் 60 நாளில் முடிக்க வேண்டும் என்று 2004 திருத்தம். கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று 1975-ல் சொன்னார்கள். இன்று வரை முழுசாகத் தரவில்லை.

கெடு தவறினால் வழக்கு வரும். வராண்டாவில் தனியாக அழும் பிள்ளையிடம் அரை மணி நேரம் பேசாவிட்டால் வழக்கு எதுவும் வராது. அப்ப ஒரு மனுஷன் எதை முதலில் செய்வான்?

9) ஓபியில் உட்கார்ந்த எந்த டாக்டருக்கும் இது தெரியும். வரிசையில் இருநூறு பேர் நின்றால், நோயாளியின் கதையைக் கேட்க நேரம் இருக்காது. சீட்டு எழுதும் கைதான் வேலை செய்யும்.

500 மாணவர்களுக்கு ஒருவர் வேண்டும் என்பது தேசியச் சங்கத்தின் பரிந்துரை. நாடு முழுக்கச் சராசரி ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. சில மாநிலங்களில் பல ஆயிரம். ஒரே ஆள் இரண்டு மூன்று பள்ளிகளைப் பார்ப்பதும் உண்டு. திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் இன்னொரு பள்ளி. புதன்கிழமை கஷ்டம் வந்த பிள்ளை அடுத்த திங்கள் வரை காத்திருக்கணும்.

10) 2022-ல் டெக்சாஸின் உவால்டே பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் வந்த சட்டத்தில், பள்ளிகளில் மனநலப் பணியாளர்களை அதிகரிக்க 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆட்களைப் பயிற்றுவித்தார்கள், வேலைக்கு எடுத்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த மானியங்களைத் தொடர மாட்டோம் என்று மத்தியக் கல்வித் துறை அறிவித்தது. மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயின.

மானியத்தில் வந்த வேலைக்கு ஆயுசு மானியம் இருக்கும் வரைதான். ஒரு பிள்ளை நம்பி வாய் திறக்கவே சில மாசம் ஆகும். அதற்குள் ஆளை மாற்றினால் அந்தப் பிள்ளை யாரிடம் பேசும்?

11) இதெல்லாம் நமக்கு எதுக்கு டாக்டர் என்று கேட்கலாம். 2025 ஜூலையில் நம்ம உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவி இறந்த வழக்கில் வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்பது அதில் ஒன்று.

நல்ல விஷயம். ஆனா 'ஒருவரையாவது' என்பது 3,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் ஒருவர் என்று ஆகிவிடலாம்.

அதனால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "கவுன்சிலர் இருக்காங்களா?" என்பதோடு நிறுத்தாதீங்க. இதையும் கேளுங்க. எத்தனை பிள்ளைகளுக்கு ஒருத்தர்? முழு நேரமா, வாரத்துக்கு ஒரு நாளா? என்ன படிச்சிருக்காங்க? அவங்களுக்கே அட்டெண்டன்ஸ், அட்மிஷன், பஸ் டியூட்டி எல்லாம் கொடுத்திருக்கீங்களா? பிள்ளை சொன்ன ரகசியத்தைப் பிரின்சிபால் கேட்டால் சொல்லணுமா? அடுத்த வருஷமும் அவங்கதான் இருப்பாங்களா?

பதில் வரலைன்னா அடுத்த கூட்டத்திலும் கேளுங்க. கூட இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கோங்க.