மண் இனிக்கப் பத்தாண்டு

சீனாவின் ஹெனான் மாநிலத்தில், தைஹாங் மலைத்தொடருக்கும் மஞ்சள் ஆற்றுக்கும் நடுவே ஒரு வண்டல் சமவெளி கிடக்கிறது. மன்னராட்சிக் காலத்தில் அதற்கு ஹுவாய்சிங் என்று பெயர். இன்று ஜியாவ்சுவோ நகரைச் சுற்றியுள்ள வட்டாரம் அது. சீன மருந்துச் சரக்குக் கடைகளில் பல நூற்றாண்டுகளாக இந்த ஊர்ப்பெயருக்குத் தனி விலை. ரெமானியா என்ற செடியின் கிழங்கு, நம் நாயுருவியின் நெருங்கிய உறவான ஒரு செடியின் வேர், வள்ளி இனத்துக் கிழங்கு ஒன்று, செவ்வந்திப் பூ ஆகிய நான்கும் ஹுவாய் சரக்கு என்றால் மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள். இவற்றில் ரெமானியாதான் தலைமைச் சரக்கு. அதன் கிழங்கை ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, மறுபடியும் வேகவைத்துக் கரிய பிசின்போல் ஆக்கிச் சேர்ப்பார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சியென் யீ என்ற குழந்தை மருத்துவர் வகுத்த ஆறு சரக்கு மாத்திரைக்கு அதுவே அடிப்படை. அந்த மாத்திரை இன்றும் விற்கிறது.

இந்தச் செடியைப் பற்றி 1647-இல் வெளிவந்த ‘பென்சாவ் செங்யா பான்ஜி’ என்ற மருந்து நூலில் லூ ஜீயி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் மருத்துவர், ஆனால் இந்த இடத்தில் பேசுவது உழவரின் அறிவு. ரெமானியா விளைந்த மண் கசந்துவிடும் என்கிறார். அடுத்த ஆண்டு அதில் நாயுருவியின் உறவுச் செடியை மட்டும் வைக்கலாம். மேலும் இரண்டு ஆண்டு கழித்து வள்ளிக்கிழங்கு போடலாம். பத்தாண்டு நிறைந்த பிறகே மண் இனிப்புக்குத் திரும்பும், அப்போதுதான் மறுபடி ரெமானியா வைக்க வேண்டும். பொறுக்காமல் முன்பே வைத்தால் கிழங்கு கசந்து, மெலிந்து, மருந்துக்கு உதவாமல் போகும். இன்றைய வேளாண் ஆய்வாளர்கள் தொடர்பயிர்த் தடை என்று எதை ஆராய்கிறார்களோ, அதன் அறிகுறி, காலவரை, மாற்றுப் பயிர் வரிசை மூன்றும் இந்தச் சிறு குறிப்பில் இருக்கின்றன. ஹுவாய்சிங்கின் பெயர்பெற்ற நான்கு சரக்குகளில் மூன்று இந்தச் சுழற்சிக்குள்ளேயே வருவதையும் கவனிக்க வேண்டும். ரெமானியா விட்டுவைத்த நிலத்தில் வேறு என்ன விளையும் என்று தேடிய உழவர்கள், அந்த இடைக்காலப் பயிர்களையும் மருந்தாகவே தேர்ந்து வளர்த்திருக்கிறார்கள் என்று நான் கருதுகிறேன்.

சீன மருத்துவ மரபில் தாவ்தி என்றொரு கருத்து உண்டு. ஒவ்வொரு மூலிகைக்கும் உரிய மண் ஒன்று உண்டு, அங்கே விளைந்ததற்கே முழு வீரியம் என்பது அதன் சாரம். ஈரோட்டு மஞ்சளுக்கு நாம் கொடுக்கும் மதிப்பும் ஏறக்குறைய இதே நம்பிக்கைதான். இந்தக் கருத்துப்படி பயிர் தன் ஊரை விட்டு நகரக் கூடாது. ஆனால் பல மருந்துச் செடிகளுக்கு, ஒருமுறை விளைந்த மண்ணே அடுத்த முறை இடம் தர மறுக்கிறது. சந்தை செடியை ஓர் ஊரில் இருத்தப் பார்க்கிறது. மண் அதை வயலை விட்டு வெளியேற்றுகிறது. மருந்துப் பயிர்களின் வரலாற்றை இந்த இழுபறியின் வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது என் வாதம். ஊரின் புகழைத் தாங்கியது குறிப்பிட்ட எந்த வயலும் அன்று. ஒரு வயலில் பயிர் நிற்கும்போது ஒன்பது வயல்கள் காத்திருக்கும் அளவுக்கு அந்த ஊருக்கு நிலமும் பொறுமையும் இருந்ததே காரணம். அந்தக் காத்திருப்பு குறைந்த இடங்களில் எல்லாம் புகழ் வேறு ஊருக்குப் போயிருக்கிறது, அல்லது காடு அழிந்திருக்கிறது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு, மண் சத்து தீர்ந்துபோனதைத்தான் பழங்காலத்தவர் கசப்பு என்றார்கள் என்பது. ஐரோப்பாவில் இந்த வழக்கு வெளிப்படையாகவே நடந்தது. 1832-இல் சுவிஸ் தாவரவியலாளர் அகஸ்டின் டி கண்டோல், வேர்கள் கழிவை வெளியேற்றுகின்றன, அந்தக் கழிவு அதே இனத்தைப் பாதிக்கிறது, பயிர்ச் சுழற்சி வேண்டியிருப்பது அதனால்தான் என்று எழுதினார். 1840-இல் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் லீபிக்கின் கனிமச் சத்துக் கொள்கை வந்ததும் வேர்க்கழிவுப் பேச்சு பின்னுக்குப் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மண்ணியல் துறையில் ஆஸ்வால்ட் ஷ்ரைனர், விளைச்சல் குன்றிய மண்ணிலிருந்து செடிக்குக் கேடான கரிமச் சேர்மங்களைப் பிரித்தெடுத்துக் காட்டியபோதும், உரம் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையே மேலோங்கி நின்றது. சத்துக்கொள்கை நெல்லுக்கும் கோதுமைக்கும் பெரும்பாலும் பொருந்தியதால் வென்றது. மருந்துச் செடிகளுக்கு அது போதவில்லை. ரெமானியாவின் ஒரே விதைக்கிழங்கைப் புது நிலத்திலும் பழைய நிலத்திலும் நட்டால் புது நிலத்தில் கிழங்கு பருக்கிறது. பழைய நிலத்தில், உரம் குறைவில்லாதபோதும், நார்வேர்கள் மட்டும் பெருகிக் கிழங்கு பருக்காமல் நின்றுவிடுகிறது. ஜின்செங் என்ற மருந்து வேர்ச்செடியோ மெதுவாக வளர்வது, சத்தை அதிகம் உறிஞ்சாதது. சத்துப் பற்றாக்குறைதான் நோய் என்றால் அது தாக்கும் கடைசிப் பயிராக ஜின்செங் இருந்திருக்க வேண்டும். நடைமுறையில் அதுவே முதல் பலியாகிறது.

அடுத்த மறுப்பு வலுவானது: இது மண்ணின் வேதியியல் அன்று, வேரழுகல் நோய் என்பார்கள். ஜின்செங் வேரை அழுகச் செய்யும் பூஞ்சை ஒன்று 1918-இலேயே அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. அது மண்ணில் பல ஆண்டுகள் உயிர்த்திருக்கும். உண்மைதான். ஆனால் பூஞ்சைக்கு அந்த மண்ணில் அவ்வளவு வசதி எப்படி வந்தது என்ற கேள்விக்கு நோயியல் மட்டும் விடை சொல்லாது. ஜின்செங்கின் வீரியத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஜின்செனோசைடு என்ற சாப்போனின் வகைப் பொருள்கள் வேரைச் சுற்றிய மண்ணிலும் கலக்கின்றன. 2000-களின் தொடக்கத்தில் கனடா ஆய்வாளர்கள், இவை டிரைக்கோடெர்மா என்ற நன்மை தரும் பூஞ்சையைத் தடுப்பதையும், ஜின்செங்கைத் தாக்கும் நோய்க்கிருமிகள் சிலவற்றின் வளர்ச்சியைத் தூண்டுவதையும் கண்டார்கள். ரெமானியாவிலும் இதே போக்குத்தான். தொடர்ந்து பயிரிட்ட மண்ணில் வேர்க்கசிவாகவும் வேர் மக்கியும் சேரும் ஃபீனாலிக் அமிலங்கள், வாடல் நோய்க்குக் காரணமான ஃபியூசேரியத்தைப் பெருக்கி, அதை அடக்கிவைக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவைக் குறைக்கின்றன. ஆகவே நோயா, வேதியியலா என்று கேட்பதில் பொருளில்லை. வேர் கசியும் பொருள் மண்ணின் உயிர்க்கூட்டத்தை மாற்றுகிறது, மாறிய கூட்டம் அடுத்த பயிரைத் தின்கிறது. எந்தப் பொருளுக்காக நாம் இந்த வேரைக் காசு கொடுத்து வாங்குகிறோமோ, அதே பொருளுக்கு இந்தக் கேட்டில் பங்கு இருக்கிறது என்பது மருந்துப் பயிர்களின் தனிச் சிக்கல். வீரியமான வேரை வேண்டுபவர் அந்த மண்ணின் களைப்பையும் சேர்த்தே வேண்டுகிறார்.

மஞ்சூரியாவின் சாங்பாய் மலைக்காடுகளில் இதன் விளைவு கண்ணுக்குத் தெரியும் அளவில் நடந்தது. சிங் அரசமரபினருக்கு ஜின்செங் தங்கள் தாயகத்தின் செல்வம். காட்டில் தோண்ட அனுமதிச் சீட்டு வழங்கினார்கள். நட்டு வளர்த்ததை மோசடிச் சரக்காகக் கருதித் தடுத்தார்கள். 1810-இல் ஜியாசிங் பேரரசர், ஜிலினிலிருந்து வந்த சரக்கில் வளர்ப்பு வேர் கலந்திருப்பது தெரிந்து விசாரணைக்கு ஆணையிட்டார். காட்டு வேர் அருகிவிட்டதால் தடை நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஃபூசோங் போன்ற வட்டங்கள் வளர்ப்பு ஜின்செங்கின் மையங்களாயின. அங்கே மரத்தை வெட்டி, பல்லாண்டு இலைமக்கு சேர்ந்த மேல்மண்ணை மேட்டுப் பாத்திகளாகக் கூட்டி, பந்தல் போட்டுப் பயிரிட்டார்கள். பாத்தியில் மக்கு வேகமாகச் சிதைகிறது. அதிலிருந்து வரும் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளியாகிறது. கால்சியமும் மக்னீசியமும் குறைகின்றன. அமிலத்தன்மை ஓர் அளவைத் தாண்டியதும் களிமண்ணில் கட்டுண்டிருந்த அலுமினியம் கரைந்து, வேர்நுனியைத் தாக்குகிறது. வேரின் தோல் துருப்பிடித்தது போலச் சிவந்து மதிப்பிழக்கும் கேட்டுக்கும், மண்ணில் கூடும் இரும்பு, அலுமினியத்துக்கும் தொடர்பு உண்டு. ஓர் அறுவடை முடிந்த பாத்திக்குத் தலைமுறைக் கணக்கில் ஓய்வு தேவைப்பட்டதால், உழவர்கள் அடுத்த காட்டுத் துண்டுக்கு நகர்ந்தார்கள். 1998-இல் சோங்ஹுவா, யாங்சி ஆறுகளில் பெருவெள்ளம் வந்து காடு வெட்டுவதற்குத் தடை இறுகிய பிறகே, விளைநிலத்தில் ஜின்செங் பயிரிடும் முயற்சிக்கு அரசின் அக்கறை திரும்பியது.

அமிலம்தான் காரணம் என்றால் சுண்ணாம்பு போட்டு முடிக்கலாமே என்று தோன்றும். ஹுவாய்சிங்கின் வண்டல் இயல்பிலேயே சுண்ணாம்புச் சத்து நிறைந்தது, கார நிலம். அங்கேயும் மண் கசந்தது. அமிலமேற்றம் ஒரு வழி, வேர்க்கசிவு வேறொரு வழி. எந்த மண்ணில் எந்த வழி முன்னிற்கும் என்பது அந்த மண்ணைப் பொறுத்தது. சுண்ணாம்பைக் காட்டிலும் நல்ல மருந்தைக் கொரிய உழவர்கள் கண்டார்கள்: நீர். ஜின்செங் எடுத்த நிலத்தை நஞ்சையாக்கிச் சில ஆண்டு நெல் பயிரிட்டால், பத்தாண்டுக்கு மேல் வேண்டிய ஓய்வு ஏறக்குறைய பாதியாகிறது. தேங்கிய நீரில் பிராணவாயு இல்லாமல் நோய்ப் பூஞ்சைகள் மடிகின்றன. இரும்பின் வேதிமாற்றத்தால் அமில மண் நடுநிலையை நோக்கித் திரும்புகிறது. கரையக்கூடிய கசிவுகள் அடித்துச் செல்லப்படுகின்றன. நஞ்சையும் புஞ்சையும் மாறிமாறி வரும் நிலங்களை அறிந்த நம் உழவர்களுக்கு இந்த உத்தி அந்நியமாகத் தெரியாது.

நில ஓய்வு என்பதே விலையைக் காக்க வணிகர் கட்டிய வழக்கமாக இருக்கலாமே என்று பொருளியல் நோக்கில் ஒரு ஐயம் எழும். அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. கொரியாவின் கேசோங் நகர வணிகர்கள் ஆறாண்டு ஜின்செங் வேரை வேகவைத்துச் செவ்வேராக்கும் தொழிலைக் கையில் வைத்திருந்தார்கள். 1908-இல் அது சட்டப்படி அரசின் ஏகபோகமானது. உற்பத்தியைச் சுருக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் அதே வழக்கம், எந்த ஏகபோகமும் இல்லாத வட அமெரிக்காவில் தானாகவே தோன்றியிருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்து மாரத்தான் வட்டத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தும், ஒன்ராறியோவின் புகையிலை வட்டாரத்தில் 1980-களுக்குப் பிறகு பெருமளவிலும் ஜின்செங் விளைகிறது. சந்தையில் முந்திக்கொள்ள ஒவ்வொருவரும் போட்டியிடும் அந்த ஊர்களிலும், ஜின்செங் எடுத்த நிலத்தில் மறுபடி ஜின்செங் வைப்பதில்லை என்பதே நடைமுறை. புது நிலத்தைக் குத்தகைக்குத் தேடுகிறார்கள். பெருங்கடலின் இரு கரைகளிலும் கலந்துபேசாமலே உழவர்கள் ஒரே விதிக்கு வந்து சேர்ந்தார்கள் என்றால், அந்த விதியை மண்தான் எழுதியிருக்க வேண்டும்.

காட்டு ஜின்செங் ஒரே இடத்தில் பல பத்தாண்டுகள் வாழ்கிறதே, அது தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளவில்லையே என்பது எனக்கு மிகவும் பிடித்த எதிர்வாதம். அதற்கான விடையே என் வாதத்துக்கு வலுவூட்டுகிறது. காட்டில் செடிக்குச் செடி வெகுதொலைவு. நடுவில் பல மரங்களின் இலையும் வேரும் பூஞ்சையும் கலந்து கிடக்கின்றன. ஒரு செடியின் கசிவு அங்கே சேர்ந்து தேங்க இடமில்லை. பாத்தியில் நெருக்கி நட்டு மற்ற எல்லாவற்றையும் களைந்த பிறகே அது நஞ்சாகிறது. யுன்னான் மாநிலத்து வென்ஷானில் ஜின்செங்கின் இனத்தைச் சேர்ந்த சான்சி வேருக்கு இதே கதி நேர்ந்தது. விலை ஏறியபோது பயிர்ப்பரப்பு பெருகி, புது மண் தீர்ந்து, சாகுபடி பிற மாவட்டங்களுக்குப் பரவியது. பயிர்நோய் அறிஞர் சூ யூயோங் லான்சாங் பகுதியில் சான்சியைப் பைன் காட்டின் நிழலில் வளர்க்கும் முறையைப் பரப்பினார். விளைச்சல் குறைவு, ஆனால் காட்டின் பன்மை மண்ணைக் காக்கிறது. பாத்தி முறை கைவிட்டதை இது மீட்டுத் தருகிறது.

ஊர்ப்பெயருக்குச் சட்ட முத்திரை வழங்கும் காலம் இது. நம்மிடையேயும் புவிசார் குறியீடு பெறும் விளைபொருள்களின் பட்டியல் நீள்கிறது. முத்திரை விலையைக் கூட்டும்; விலை கூடினால் நிலத்துக்கு ஓய்வு குறையும். முத்திரைக்கான விதிகளில் வட்டார எல்லையும் வேரின் நிறமும் நீளமும் எழுதினால் போதாது. ஒரே நிலத்தில் மறுபடி நட எத்தனை ஆண்டு பொறுக்க வேண்டும், இடையில் என்ன பயிர் வைக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். 2018-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் தென் கொரியாவின் கும்சான் ஜின்செங் வட்டாரத்தை உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது. நிலத்தைப் பண்படுத்தல், பயிர், நீண்ட ஓய்வு என்று மலைச்சரிவுகளில் சுழலும் அந்த முறை முழுவதற்கும் கிடைத்த ஏற்பு அது. மூலிகைக்குக் குறியீடு கேட்டு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் அந்த ஏற்புக்கான ஆவணத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.