கைப்பட்டியும் கடற்கரையும்

ஜமேக்காத் தீவின் வடகரையிலே ஒரு சிறு விடுதி. வட அமெரிக்காவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ அங்கு வந்திறங்கும் ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்துவோம். தாய், தந்தை, இரு பிள்ளைகள். வாயிலிலே நால்வரின் மணிக்கட்டிலும் நிறப்பட்டி ஒன்று கட்டப்படுகிறது. அதன்பின் ஒரு வாரத்துக்கு அவர்கள் பணப்பையைத் திறக்கவேண்டியதில்லை. உணவு, குடிவகை, படகு, பிள்ளைகளின் விளையாட்டு ஆகிய யாவற்றுக்குமான விலை ஊரிலிருந்து புறப்படுமுன்பே செலுத்தப்பட்டுவிட்டது. ‘யாவும் அடங்கிய’ விடுதி என்பது இதன் பெயர். அங்கே மணற்பரப்பின் இரு அந்தங்களிலும் வேலி உண்டு. வேலியருகே காவலாளி உண்டு. கைப்பட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. வேலிக்கும் ஒரு வரலாறு உண்டு. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றுசேர்ந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்குடும்பத்தை எள்ளி நகையாடுவது எமது கருத்தன்று. தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ ஆண்டு முழுவதும் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வந்தவர்களாக அவர்கள் இருக்கக்கூடும். சம்பளத்துடன் கூடிய விடுமுறை முதலாளிகள் மனமுவந்து அளித்த கொடையன்று; தொழிலாளர் போராடிப் பெற்ற உரிமை. 1936 ஆம் ஆண்டிலே பிரான்சியத் தொழிலாளர் தொழிற்சாலைகளைவிட்டு வெளியேறாது உள்ளேயே அமர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாக, மக்கள் முன்னணி அரசாங்கம் இருவாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது. சர்வதேசத் தொழில் தாபனமும் அவ்வாண்டே இதுபற்றியதோர் உடன்படிக்கையை ஏற்றது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1938 இல் விடுமுறைச் சட்டத்தை நிறைவேற்றிற்று.

அதே 1938 இலே, பிரித்தானியக் கொடியின்கீழ் இருந்த ஜமேக்காவில் நிகழ்ந்ததோ வேறு. அடிமைமுறை 1834 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டு, ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பும் 1838 இல் முடிவுற்று, சரியாக ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. ஆயினும் நிலம் உழுதவன் கைக்கு வரவில்லை. நாளொன்றுக்கு ஒரு டொலர் கூலி கேட்டுப் புரோம் கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். பொலிசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். போராட்டத் தீ தீவெங்கும் பரவிற்று. அத்தீயிலிருந்தே அந்நாட்டின் தொழிற்சங்கங்களும் அரசியற் கட்சிகளும் உருப்பெற்றன. 1944 இல் சர்வசன வாக்குரிமை கிட்டியது.

உல்லாசப் பயணிகள் அதற்கு முன்னரே அத்தீவை அறிந்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழைக்குலை ஏற்றச் சென்ற அமெரிக்கக் கம்பனிக் கப்பல்களே பயணிகளையும் ஏற்றிச் சென்றன. போர்ட் அன்ரோனியோவில் வாழைக் கம்பனியே விடுதியும் நடத்தியது. எனவே சீனியும் வாழையும் சென்ற பாதையிலேயே உல்லாசப் பயணமும் வந்தது எனலாம்.

இனி வேலியைப் பார்ப்போம். 1956 இல், சுதந்திரத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக, கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அலை வந்து மீளும் கரையும் கடலின் அடித்தளமும் முடிக்குரியவை என அச்சட்டம் விதித்தது. மீனவர் முன்னர் அனுபவித்த தொழில் உரிமைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கரையோரக் காணிக்காரர் தம் சொந்தத் தேவைக்குக் குளிக்கவும் இடமிருந்தது. ஆனால் கடலிற் குளிக்கவோ கரையில் நடக்கவோ பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை எதுவும் வழங்கப்படவில்லை. தீவிலே பிறந்தவனுக்குக் கடல் பிறப்புரிமையன்று என்பதே இதன் பொருள். 1962 இல் கொடி மாறியது, சட்டம் மாறவில்லை.

கைப்பட்டியின் பிறப்பிடம் மத்தியதரைக்கடல். 1950 இல் ஜெராட் பிளிற்ஸ் என்ற பெல்ஜியர் மயோர்க்காத் தீவிலே கூடாரங்கள் அடித்து ‘கிளப் மெட்’ என்ற விடுமுறைக் கழகத்தைத் தொடங்கினார். போரினாற் களைத்த மக்கள் ஏற்றத்தாழ்வின்றி ஒரே மேசையில் உண்பதும் பணத்தை மறப்பதும் அதன் கவர்ச்சி. பின்னர் அக்கழகத்து முகாம்களில் குடிவகைக்குப் பணத்துக்குப் பதிலாக மணிகள் வழங்கப்பட்டன. உள்ளே பணம் மறைந்தது. வெளியே அது மறையவில்லை.

இம்முறை ஜமேக்காவுக்கு வந்த காலம் கவனத்துக்குரியது. 1970 களில் மைக்கல் மான்லியின் அரசாங்கம் சனநாயக சோசலிசம் பேசியது. எண்ணெய் விலை ஏறிற்று, வன்முறை மலிந்தது, 1976 இல் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது, 1977 இல் அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்தின் கதவைத் தட்டியது. அஞ்சிய பயணிகளை மீண்டும் அழைக்க மதிலுக்குள் அடங்கிய விடுமுறை வழியாயிற்று. 1949 இல் திறக்கப்பட்ட ரவர் ஐல் விடுதி 1978 இல் ‘கப்பிள்ஸ்’ ஆகியது. 1981 இல் மொன்ரேகோ விரிகுடாவில் ‘சான்டல்ஸ்’ தோன்றியது. இவை தம்பதியருக்கானவை. குடும்பங்களுக்கான ‘பீச்சஸ்’ 1997 இல் நெக்ரிலில் திறக்கப்பட்டது.

இவ்விடுதிகள் பல்லாயிரவருக்கு வேலை தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் யாவும் அடங்கிய விலையில் ஊர் அடங்குவதில்லை. முற்பணத்தில் ஒரு பங்கு விமானக் கம்பனிக்கும் பயண முகவருக்குமாக வெளிநாட்டிலேயே தங்கிவிடுகிறது. உள்ளே யாவும் கிடைப்பதால் விருந்தினர் வெளியே வரத் தேவையில்லை. சந்தைப் பெண்ணும் வாடகைக் கார்ச் சாரதியும் வாயிலில் காத்திருக்கின்றனர்.

சோசலிசம் பேசினால் மட்டும் வேலி விழுந்துவிடுமா? கியூபாவின் அனுபவம் எம்மை நிதானிக்கச் செய்கிறது. 1959 புரட்சி தனியார் கடற்கரைகளைப் பொதுமக்களுக்குத் திறந்தது. சோவியத் ஒன்றியம் 1991 இற் சிதைந்தபின், அந்நியச் செலாவணி வேண்டி அந்நிய மூலதனத்துடன் விடுதிகள் கட்டப்பட்டன. 2008 வரை கியூபர் தம் நாட்டு உல்லாச விடுதிகளிலேயே தங்க முடியாதிருந்தது. நோக்கம் உயர்ந்ததாயினும், டொலரின் தேவை வேலியை மீண்டும் எழுப்பிற்று. இதனை மறைத்தல் முற்போக்காளருக்கு அழகன்று.

ஜமேக்கா மக்கள் வாளாவிருக்கவில்லை. நெடுங்காலம் தடையின்றிப் பயன்படுத்திய வழியும் கரையும் உரிமையாகும் என்ற 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, அண்மை ஆண்டுகளில் அவர்கள் நீதிமன்றம் ஏறியுள்ளனர். சுதந்திரம் கிட்டி அறுபது ஆண்டுகள் நிறைந்த 2022 இலும் 1956 சட்டம் நீக்கப்படவில்லை.

அக்குடும்பத்தின் பிள்ளைகள் மணலில் வீடு கட்டி விளையாடட்டும். அவர்களின் பாட்டனாரின் சங்கம் பெற்றுத்தந்த விடுமுறை அது. ஆனால் அவர்களுக்குப் படுக்கை விரிக்கும் பெண்ணின் பிள்ளைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு. அன்று அப்பிள்ளை எந்தக் கரையில் நீராடும் என்பதே கேள்வி. 1938 இல் புரோமில் எழுந்தவர்கள் கேட்டது நாளுக்கு ஒரு டொலர். அவர்களின் வழித்தோன்றல்கள் கேட்பது தம் தீவின் கரையில் கால் நனைக்கும் உரிமை.