இனிட்டுக்குக் கெர்னல் கொடுத்தனுப்பும் சீட்டு

அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த இலவச லேப்டாப் இப்போது என்னிடம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தில் வந்தது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் உண்டு. ஒரு நாள் டிஸ்பிளே அமைப்பை நோண்டியதில் திரை கறுத்துப் போனது. கிரப் பட்டியலில் கெர்னல் வரியைத் திருத்தி, கடைசியில் 'சிங்கிள்' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். அவசரத்தில் இரண்டு எழுத்து இடம் மாறிவிட்டது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. மறுபடி அதே கறுப்புத் திரை. தப்பாக அடித்தால் தப்பு என்று சொல்ல வேண்டாமா? அதைத் தேடப் போய்க் கிடைத்த கதைதான் இது.

கெர்னல் தயாரானதும் இயக்கும் முதல் நிரல் இனிட். எந்த நிரலைத் தொடங்கினாலும் அதன் கையில் இரண்டு பட்டியல் கொடுக்க வேண்டும்: ஆர்க்யுமென்ட்கள் ஒன்று, சூழல் மாறிகள் இன்னொன்று. எங்கள் புதுச்சத்திரம் வழியாகப் போகும் லாரி டிரைவரிடம் வாயால் சொல்லி அனுப்புவது ஒன்று, வண்டியிலேயே வைத்திருக்கும் பேப்பர்கள் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். மற்ற நிரல்களுக்கு, அவற்றைத் தொடங்கும் நிரல் இதைக் கொடுத்துவிடும். இனிட்டுக்குக் கெர்னலேதான் கொடுக்க வேண்டும்.

1975-ல் வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் இது ரொம்பச் சின்ன வேலை. கெர்னலுக்குள் எந்திர மொழியில் ஒரு சில எண்கள். அவற்றின் பொருள் 'இனிட்டை இயக்கு'. கொடுத்த ஆர்க்யுமென்ட் ஒன்றே ஒன்று, இனிட்டின் பெயர். சூழல் மாறிகள் என்ற ஏற்பாடே 1979-ல் ஏழாம் பதிப்போடுதான் வந்தது.

1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01-ல் இனிட் என்று தனி நிரலே கிடையாது! கெர்னல் நேராக ஷெல்லை இயக்கியது. ஆர்க்யுமென்டாக ஒரு சிறு கோடு (லாகின் ஷெல் என்பதற்கு அடையாளம்), சூழலில் வீட்டு அடைவின் முகவரி. அவ்வளவுதான்.

பிறகு இனிட் வந்தது. பூட் வரியும் வந்தது. அப்போது ஏற்பட்ட விதிதான் என்னைக் கவிழ்த்தது. பூட் வரியில் தனக்குத் தெரிந்த சொற்களைக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். தெரியாத சொல்லில் சமக்குறி இருந்தால் சூழல் மாறி, இல்லாவிட்டால் ஆர்க்யுமென்ட் என்று இனிட்டிடம் தள்ளிவிடும். உண்மையில் 'சிங்கிள்' என்பதே கெர்னலுக்குத் தெரியாத சொல், இனிட்டுக்கான சொல். நான் அடித்த தப்பான சொல்லும் அதே வழியில் போயிருக்கிறது. இனிட்டுக்கும் புரியவில்லை, பேசாமல் விட்டுவிட்டது.

ஒரு வேடிக்கை. லைலோ என்ற பழைய பூட் லோடர் தானாகவே வரியின் முன்னால் 'ஆட்டோ' என்று ஒரு சொல் சேர்க்கும். இனிட்டுக்குப் பதில் ஷெல்லை இயக்கச் சொன்னால், ஷெல் 'ஆட்டோ' என்ற கோப்பைத் தேட ஆரம்பித்துவிடும்! அதனால் 'இனிட்=' என்பதற்கு முன்னால் சேர்ந்த ஆர்க்யுமென்ட்களை எல்லாம் கெர்னல் தூக்கி எறிகிறது. லைலோவின் வளர்ச்சி 2015-ல் நின்றது. அதற்காக எழுதிய வரிகள் கெர்னலில் அதன் பிறகும் இருந்தன.

2014 ஏப்ரலில் இதே பூட் வரியால் பெரிய சண்டை. 'டீபக்' என்பது கெர்னலுக்குத் தெரிந்த சொல், ஆகவே இனிட்டுக்குப் போகாது. ஆனால் புதிய இனிட்டான சிஸ்டம்-டி, கொடுத்ததோடு நிற்காமல் முழு வரியையும் தானே படித்து, அந்தச் சொல்லைப் பார்த்ததும் செய்திகளைக் கொட்டியது. கணினி பூட் ஆகவே முடியாத நிலை. லினஸ் கோபத்தில், சிஸ்டம்-டி நிரலாளர் கே சீவர்ஸ் அனுப்பும் கெர்னல் திருத்தங்களை இனி ஏற்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். என்னைக் கேட்டால் லினஸ் பக்கம்தான் நியாயம், வார்த்தைகள் கொஞ்சம் அதிகம் என்றாலும்.

2021-ல் வந்த 5.14 கெர்னல்தான், தனக்குத் தெரியாத சொற்களை இனிட்டுக்குத் தள்ளுவதைச் செய்தியாகப் பதிய ஆரம்பித்தது. என் லேப்டாப்பில் இருப்பது அதற்கு ரொம்ப முந்தையது. இரண்டாம் முறை சரியாக அடித்து உள்ளே போன பிறகு பழைய பதிவுக் கோப்பைத் திறந்தேன். கெர்னல் வரியின் கடைசியில், இடம் மாறிய எழுத்துகளோடு என் சொல் அப்படியே இருந்தது.