அமெரிக்கப் பள்ளி மடிக்கணினிகள்: பழுது பார்ப்பது யார் பொறுப்பு?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் மிகப் பலரின் புத்தகப் பையில் இன்று பள்ளி வழங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. ஆனால் அது பிள்ளைக்குச் சொந்தமானதல்ல. 'பள்ளி மாவட்டம்' எனப்படும் உள்ளூர்க் கல்வி நிர்வாகத்துக்குச் சொந்தமானது.

தமிழ்நாட்டிலிருந்து அங்கு குடியேறிய பெற்றோருக்கு இந்த வேறுபாடு புதிதாகத் தோன்றலாம். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு ஜெயலலிதா அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கருவி மாணவருக்கே உரியது. உத்தரவாதக் காலம் முடிந்த பின் பழுதானால் குடும்பமே கடை தேடிச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் அந்தச் சுமை பள்ளி மாவட்டத்தின் தலையில் விழுகிறது.

ஆரம்ப முயற்சிகள்

வர்ஜீனியா மாநிலத்தின் ஹென்ரைக்கோ கவுண்டி 2001ஆம் ஆண்டிலேயே ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஆப்பிள் நிறுவனத்தின் ஐபுக் கணினிகளை வழங்கியது. மெய்ன் மாநிலம், ஆளுநர் ஆங்கஸ் கிங் முன்வைத்த திட்டத்தின்படி, 2002ஆம் ஆண்டு ஏழாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 17,000 பேருக்கு மடிக்கணினி கொடுத்தது. ஒரு மாநிலம் முழுவதற்குமாக இத்தகைய திட்டம் நடைமுறைக்கு வந்தது அதுவே முதல் முறை.

எல்லா இடங்களிலும் அது நிலைக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரை அடுத்த லிவர்பூல் பள்ளி மாவட்டம், 2007ஆம் ஆண்டு தனது மடிக்கணினித் திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட முடிவு செய்தது. கணினிகள் அடிக்கடி பழுதானதும், கற்றலில் முன்னேற்றம் தென்படாததும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

கொரோனா பெருந்தொற்று நிலைமையை அடியோடு மாற்றியது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்றம் பள்ளிகளுக்கென மூன்று தவணைகளில் சுமார் 19,000 கோடி டாலர் அவசர நிதி ஒதுக்கியது. அதில் ஒரு பகுதி, குரோம்புக் எனப்படும் விலை குறைந்த கணினிகளை வாங்கச் செலவானது. அந்த நிதியைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்வதற்கான கெடு 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் முடிவடைந்தது. கணினிகளோ இன்னும் வகுப்பறையில் இருக்கின்றன.

பழுது பார்க்கும் அறையில்

பள்ளிக் கணினிக்கு நேரும் சேதங்களில் புதுமை எதுவும் இல்லை. பென்சிலை விசைப்பலகை மேல் மறந்து வைத்துவிட்டு மூடியை அழுத்தினால் திரை விரிசல் விடும். விசைகள் பிடுங்கப்படும். மூடியின் கீல் தளரும். மின்னேற்றி செருகும் துளை ஆட்டம் காணும். தண்ணீர் புட்டியும் கணினியும் ஒரே பையில் பயணம் செய்வது தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு ஓயாத தலைவலி.

திரையையோ விசைப்பலகையையோ மாற்றுவது பயிற்சி உள்ளவருக்குச் சிறிது நேர வேலைதான். அதனால் பல உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களே பயிற்சி பெற்று இவ்வேலையைச் செய்கிறார்கள். தாய்ப்பலகையில் நீர் புகுந்தால் கதை வேறு. அத்தகைய கணினியைச் சரி செய்வதைவிட, அதன் திரை, மின்கலம் போன்ற நல்ல பாகங்களைக் கழற்றி வேறு கணினிகளுக்குப் பொருத்துவதே மலிவு.

இங்குதான் கொள்முதல் முடிவுகளின் விளைவு தெரிய வருகிறது. ஒரே மாதிரிக் கணினிகளை மொத்தமாக வாங்கிய மாவட்டத்தில் ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும். 2020ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டில் கிடைத்ததையெல்லாம் வாங்கிய மாவட்டங்களுக்கு அந்த வசதி இல்லை.

நன்றாக நடக்கும் இடங்களில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் ஒட்டப்பட்டு, அது எந்த மாணவரிடம் உள்ளது என்பது பதிவு செய்யப்படுகிறது. உடைந்த கணினியைக் கொண்டுவரும் மாணவருக்கு அப்போதே மாற்றுக் கணினி தரப்படுகிறது. மாற்றுக் கணினிகளைக் கையிருப்பில் வைப்பதை வீண் செலவாகக் கருதும் நிர்வாகங்கள் உண்டு. பாடமும் வீட்டுப்பாடமும் கணினியிலேயே நடக்கும்போது, பழுது தீரும் வரை அந்தப் பிள்ளை வெறுங்கையோடு அமர்ந்திருக்க வேண்டியிருப்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

பல மாவட்டங்கள் ஆண்டுதோறும் ஒரு காப்புக் கட்டணம் வசூலிக்கின்றன. கட்டாத குடும்பத்திடம் உடைந்த பாகத்தின் விலை கேட்கப்படலாம். ஆண்டுத் தொடக்கத்தில் கையொப்பமிடும் படிவத்தைப் பெற்றோர் படித்துப் பார்ப்பது நல்லது.

விஷமமும் சேர்ந்து கொள்கிறது. 2025ஆம் ஆண்டு மே மாதம், கணினியின் துளைகளில் உலோகப் பொருட்களைச் செருகிப் புகை வரவழைக்கும் விளையாட்டு சமூக ஊடகங்கள் வழியாகப் பரவி, பல மாநிலப் பள்ளிகளுக்குத் தீயணைப்புத் துறை வர நேரிட்டது.

காலாவதியாகும் கணினிகள்

உடையாத கணினிக்கும் ஆயுள் வரம்பு உண்டு. குரோம்புக்கின் ஒவ்வொரு மாதிரிக்கும் கூகுள் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்தும் தேதி ஒன்று உள்ளது. அந்தத் தேதி, பள்ளி வாங்கிய நாளிலிருந்து அல்லாமல், அந்த மாதிரியின் அடிப்படை வன்பொருள் வெளியான காலத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. பழைய மாதிரியை மலிவு விலைக்கு வாங்கிய மாவட்டம் சில ஆண்டுகளை முன்னரே இழந்துவிட்டது என்று பொருள்.

2020இல் விற்பனையான குரோம்புக்குகளின் ஆயுளை இரட்டிப்பாக்கினால், பராமரிப்புச் செலவு கூடாது என்ற அனுமானத்தில், அரசுப் பள்ளிகளுக்கு 180 கோடி டாலர் மிச்சமாகும் என்று யுஎஸ் பெர்க் என்ற நுகர்வோர் அமைப்பு 2023 ஏப்ரலில் கணித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் புதுப்பிப்புக் காலத்தைப் பத்து ஆண்டுகளாக நீட்டித்தது. 2021 முதல் வெளியான மாதிரிகளுக்கு இது தானாகவே பொருந்தும்.

உதிரி பாகங்களையும் கையேடுகளையும் உற்பத்தியாளர் தரவேண்டும் எனக் கோரும் 'பழுது பார்க்கும் உரிமை' சட்டங்களும் சில மாநிலங்களில் வந்துள்ளன. ஆனால் 2022 டிசம்பரில் நியூயார்க் ஆளுநர் கையொப்பமிட்ட சட்டம், சில்லறை விற்பனைக்கு வராமல் அரசு ஒப்பந்தங்கள் மூலம் மட்டும் விற்கப்படும் கருவிகளுக்கு விலக்களித்தது. பள்ளிகளுக்கென்றே தயாரிக்கப்படும் கணினிகள் இந்த ஓட்டையில் விழுந்துவிடுகின்றன.

கண்காணிப்பின் எல்லை

கணினி மாவட்டத்தின் சொத்து என்பதால் அதைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் மென்பொருளும் அதில் இருக்கும். பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டத்தில், திருட்டைக் கண்டுபிடிக்க நிறுவப்பட்ட வசதி, வீட்டிலிருந்த மாணவர்களை அவர்கள் அறியாமலேயே படம் பிடித்தது 2010ஆம் ஆண்டு வெளியானது. வழக்குகளை முடிக்க அம்மாவட்டம் 6,10,000 டாலர் வழங்க உடன்பட்டது.

அதே மென்பொருள், கணினி ஓய்வு பெறும்போதும் குறுக்கே நிற்கிறது. மாவட்டத்தின் பதிவேட்டிலிருந்து முறைப்படி நீக்கப்படாத குரோம்புக்கை ஏலத்தில் வாங்குபவர், எத்தனை முறை அழித்துத் தொடங்கினாலும், பழைய பள்ளியின் நுழைவுத் திரையையே காண்பார்.