தோல் புற்றுநோய்: தொடக்கத்திலேயே கண்டறிதலும் இலவசப் பரிசோதனையும்

தோலின் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் தோல் புற்றுநோய் உண்டாகிறது. நம் தோலில் மிகுதியாக உள்ள மெலனின் என்னும் நிறமி, வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது. ஆதலால் இந்நோய் நம்மிடையே குறைவாகவே காணப்படுகிறது. ஆயினும் "கருத்த தோலுக்கு இது வராது" என்று எண்ணிப் பலர் காலந்தாழ்த்துகின்றனர். தொடக்கத்தில் கண்டறியப்பட்டால், பெரும்பாலும் சிறிய அறுவைச் சிகிச்சையிலேயே குணமாக்க இயலும்.

எந்த இடங்களைப் பார்க்க வேண்டும்?

வெயில் படும் முகம், காது, உதடு ஆகியவற்றோடு, வெயில் படாத இடங்களையும் பார்ப்பது நமக்கு மிகவும் தேவையானது. மெலனோமா என்னும் கொடிய வகை, கருத்த தோலுடையோரிடம் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் தோன்றுவதே மிகுதி. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் இவ்வகைப் புற்று கண்டறியப்பட்டது. 1981-இல், தம் 36-ஆம் வயதில் அவர் உயிரிழந்தார். பழைய தீப்புண் தழும்பிலும், நெடுநாள் ஆறாத புண்ணிலும் மற்றொரு வகைப் புற்று தோன்றக்கூடும்.

எவற்றைக் கண்டால் மருத்துவரை அணுக வேண்டும்?

• 4 வாரங்களுக்கு மேலாகியும் ஆறாத புண், அல்லது ஆறி மீண்டும் உடையும் புண்
• அளவு, வடிவம், நிறம் மாறிவரும் மச்சம். குறிப்பாக 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது
• ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கருங்கோடு
• உள்ளங்காலில் பரவும் கரும்படை. கால் ஆணி என எண்ணி மருந்திட்டும் மாறாத தடிப்பு
• பழைய தழும்பில் புதிதாக எழும் கட்டி, இரத்தக் கசிவு

இவை யாவும் புற்றுநோயே என்று அஞ்ச வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள், ஆறாத காற்புண் அனைத்தையும் சர்க்கரைப் புண் என்றே கருதிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பராமரிப்பவர் கவனத்திற்கு

முதியோர் தம் முதுகையும் உள்ளங்காலையும் தாமே பார்க்க இயலாது. குளிப்பாட்டும்போதோ எண்ணெய் தேய்க்கும்போதோ மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்த்து, ஐயத்திற்குரிய இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தேதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்தை மருத்துவர் அறிய அது உதவும்.

இலவசப் பரிசோதனையை எங்கே பெறலாம்?

அமெரிக்கத் தோல் மருத்துவர் அமைப்பு 1985 முதல் இலவசத் தோல் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்களை நடத்தி வருகிறது. நம் நாட்டில் 30 வயதைக் கடந்தோருக்கான தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இடம்பெற்றுள்ளன. ஆகவே அப்பரிசோதனைக்குச் செல்லும்போது, தோலையும் பார்க்குமாறு நீங்களே கேட்க வேண்டும்.

கருவடிக்குப்பம் பகுதியில் வசிப்போர் முதலில் தங்கள் பகுதிக்குரிய அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். தேவை ஏற்படின், கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ அனுப்பப்படுவீர்கள். ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமும் உள்ளது. ஆயுஷ்மான் பாரத் அட்டை பெறத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

தொழுநோய்க் கணக்கெடுப்பிற்காகச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டிற்கு வரும்போதும் தோலைக் காட்டத் தயங்காதீர்கள். உணர்ச்சியற்ற, வெளிறிய தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்துச் சிகிச்சையும் இலவசமே.

பரிசோதனையில் என்ன செய்வார்கள்?

மருத்துவர் முதலில் கண்ணாலும் உருப்பெருக்கிக் கருவியாலும் பார்ப்பார். இதில் வலி இல்லை. ஐயம் இருப்பின், அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து சிறு தோல் துண்டை எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்புவார். "கத்தி பட்டால் புற்று பரவும்" என்பது தவறான நம்பிக்கை. திசு ஆய்வின்றி நோயை உறுதி செய்ய இயலாது.

நினைவில் கொள்க

• மச்சத்தையோ மருவையோ கயிறு கட்டியோ சுண்ணாம்பு, அமிலம் இட்டோ நீக்க முயலாதீர்கள்.
• வெயிலில் உழைப்போர் முண்டாசு, தொப்பி, முழுக்கை உடை அணிய வேண்டும்.
• வெண்தோல் குறைபாடு உள்ளவர்களும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரும் ஆண்டுதோறும் தோல் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.
• வலி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று கருதலாகாது. தொடக்கநிலைத் தோல் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.