பயந்த பூனையின் சீனி



போன கிழமை மாணவி ஒருத்தி தன் பூனையின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை போனில் காட்டினாள். குளுக்கோஸ் 268. "சேர், இதுக்குச் சீனி வருத்தமாம். உம்மம்மாட இன்சுலின்ல கொஞ்சம் ஏத்தலாமா?"

வேண்டவே வேண்டாம் என்றேன். காரணம் 1911இல் இருக்கிறது.

அந்த ஆண்டு அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் வோல்டர் கனன் என்ற உடலியல் அறிஞரும் கூட இருந்தவர்களும், நல்ல சுகமான பூனைகளைக் கூட்டில் அடைத்து எதிரே ஒரு நாயைக் குரைக்க விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பூனைகளின் சிறுநீரில் சீனி வந்தது. பயந்தால் அட்ரினலின் சுரக்கும். ஈரல் சேமித்து வைத்த சீனியை இரத்தத்தில் விடும். அது ஓடவோ சண்டை பிடிக்கவோ உடம்பு செய்யும் ஆயத்தம், வருத்தம் அல்ல.

நம் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. அதே ஹாவர்டில் கடினமான பரீட்சை எழுதிய 9 மருத்துவ மாணவர்களில் 4 பேரின் சிறுநீரில் சீனி காணப்பட்டது. சாதாரண நாட்களில் அவர்களுக்கு அது இல்லை.

இனி அந்த ரிப்போர்ட்டைப் பார்ப்போம். பூனையின் குளுக்கோஸ் பொதுவாக 70 முதல் 150 வரை இருக்கும். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கொஞ்சம் மாறும். பயத்தால் மட்டுமே அது 300ஐயும் தாண்டலாம். இந்தப் பூனையோ சாக்குக்குள் கட்டுண்டு, மோட்டார் சைக்கிளில் வந்து, நாய்களுக்கு நடுவில் காத்திருந்தது. அது அதிகம் தண்ணீர் குடிக்கவில்லை, மெலியவும் இல்லை.

அப்படியென்றால் எதை நம்புவது? 1980களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் அறிமுகமான ஃபுருக்டோசமைன் பரிசோதனையை. இரத்தப் புரதங்களில் ஒட்டிய சீனியை அது அளக்கிறது. அதனால் கடந்த ஓரிரு கிழமைகளின் நிலையைக் காட்டும்; ஒரு மணி நேரப் பயம் அதை அசைக்காது. குளுக்கோஸ் கூடி, ஃபுருக்டோசமைன் சரியாக இருந்தால் பெரும்பாலும் பயம்தான். இரண்டும் கூடி, சிறுநீரிலும் சீனி இருந்து, பூனை நன்றாகத் தின்றும் மெலிந்தால் அதுதான் சீனி வருத்தம்.

ஊசியில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதும் பழைய பாடம். ரொறன்ரோவில் இன்சுலினைக் கண்டுபிடித்த காலத்தில், அதை ஏற்றிய சுகமான முயல்களுக்குச் சீனி இறங்கி வலிப்பு வந்தது. வருத்தமில்லாத பூனைக்கு உம்மம்மாவின் இன்சுலின் போட்டாலும் அதுவே நடக்கும், உயிரும் போகலாம்.

பிள்ளை மிருக வைத்தியரிடம் திரும்பப் போனாள். ஃபுருக்டோசமைன் சரியான அளவில்தான் இருந்தது. பூனை இப்போது அடுப்படியில் படுத்திருக்கிறதாம்.

உங்கள் பூனையின் ரிப்போர்ட்டில் குளுக்கோஸ் மட்டும் கூடியிருந்தால், ஊசிக்கு முன் வைத்தியரிடம் ஃபுருக்டோசமைன் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். பூனையை எப்படிக் கொண்டு வந்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.