ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்புறம்: மொழிச் சட்டங்களும் சிறுபான்மையினர் உரிமையும்

தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில் கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் தொட்டுக் கிடக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழுடன் தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவையும் வீட்டுமொழிகள். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 18.8 லட்சம். ஓசூர், தளி, பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், அலுவலகத்தில் தமிழ் என்று பேசுவது வெகு சாதாரணம்.

இந்த மொழிக் கலப்பைச் சென்னை மாகாணத்துக்குள் கொண்டுவந்தவை மைசூர்ப் போர்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர் மேட்டுநிலமான பாலாகாட், 1799 இல் திப்பு வீழ்ந்த பிறகே சேர்ந்தது. மைசூருக்கு வரி கட்டிவந்த கன்னட, தெலுங்குக் குடிகள் இப்படித்தான் சேலம் மாவட்டத்தார் ஆனார்கள். 1956 மாநிலச் சீரமைப்பில் கொள்ளேகால் மைசூருக்குப் போனது, ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. அதே ஆண்டில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் நிறைவேறியது. 1965 இல் தருமபுரி மாவட்டமும், 2004 இல் அதிலிருந்து கிருஷ்ணகிரியும் பிரிந்தன.

இங்கு பிறந்தவர்களில் மொழிச் சட்டத்தோடு மிக நெருங்கிய தொடர்புள்ளவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியைச் சேர்ந்த ராஜாஜி. 1938 இல் முதல்வராக இருந்து பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கியவர் அவர். எதிர்ப்பில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939 இல் உயிரிழந்தனர். அந்த ஆணை போராட்டத்தால் மட்டும் வீழவில்லை. இந்தியாவைக் கேட்காமலே பிரிட்டன் இரண்டாம் உலகப்போரில் இழுத்ததைக் கண்டித்து 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. ஆட்சியை ஏற்ற ஆளுநர் எர்ஸ்கின், 1940 பிப்ரவரியில் கட்டாயத்தை நீக்கினார். போர்க்காலத்தில் ஊரைக் கொந்தளிக்க விட அரசு விரும்பவில்லை என்றே கொள்ளலாம். பிற்காலத்தில் ராஜாஜியே இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார்.

1962 சீனப் போரின்போது அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை நீடித்தது. ஆட்சிமொழிகள் சட்டம் 1963 மே மாதம் நிறைவேறியது அந்த நிழலில்தான். பிரிவினைப் பேச்சுக்குத் தடை போட்ட 16 ஆவது அரசமைப்புத் திருத்தமும் அதே ஆண்டில் வந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அடக்க, எல்லையில் எதிரிக்காக இயற்றிய இந்தியப் பாதுகாப்பு விதிகளையே அரசு எடுத்தது, மு. கருணாநிதி அவற்றின்கீழ்தான் கைதாகிப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். இத்தனைக்கும், சிறுபான்மையினரின் மொழி, கல்வி உரிமைகளைச் சொல்லும் 29, 30 ஆவது உறுப்புகள் அப்போது நிறுத்திவைக்கப்படவில்லை. மொழிக்காகத் தெருவுக்கு வந்தவர்களுக்குத்தான் நெருக்கடி.

ஓசூர்ச் சிறுபான்மையினரின் உரிமை உண்மையில் நிற்பது வேறு இடத்தில். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலம் முயல வேண்டும் என்கிறது 350அ உறுப்பு. ஒரு வகுப்பில் 10 பேரோ பள்ளியில் 40 பேரோ இருந்தால் அம்மொழியில் பாடம் நடத்த வேண்டும் என்பது 1949 இல் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்ற விதி. ஒரு பகுதியில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஒரு மொழியினர் இருந்தால் முக்கிய அறிவிப்புகள் அம்மொழியிலும் வர வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை உறுதிமொழிகளே. ஆசிரியர் ஓய்வுபெற்ற இடம் காலியாகக் கிடந்தாலோ பாடநூல் தாமதமாக வந்தாலோ, எந்தச் சட்டமும் மாறாமலே தாய்மொழி வகுப்பு இல்லாமல் போகும்.

இங்கே பெரிய மாற்றம் போர்க்காலத்தில் அல்ல, அமைதிக்காலத்தில் வந்தது. 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக 10 ஆம் வகுப்பு வரை தமிழை முதல் பாடமாக்கியது. பிற தாய்மொழிகள் விருப்பப் பாடமாகப் பாடத்திட்டத்தின் நான்காம் பகுதிக்குப் போயின. தமிழ் தெரியாமல் தமிழ்நாட்டில் வேலை பார்ப்பது கடினம் என்ற அரசின் வாதத்தில் நியாயம் உண்டு. தமிழாசிரியரை அமர்த்தாமலே பொதுத்தேர்வைக் கட்டாயமாக்கினால் தண்டனை குழந்தைக்குத்தான் என்ற சிறுபான்மையினர் வாதத்திலும் உண்டு. வழக்குகள் தொடர்ந்தன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மொழிச் சிறுபான்மைப் பள்ளி மாணவர்களுக்கு அவ்வாண்டுத் தமிழ்த் தேர்விலிருந்து விலக்கு அளித்தது. கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினர் கே. கோபிநாத் 2024 ஜூனில் உறுதிமொழி ஏற்றது தெலுங்கில்.

போர் நடக்கும் நாட்டில் மொழிச் சட்டம் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை அருகிலுள்ள சான்று. 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின், தமிழும் ஆட்சிமொழி என்ற 13 ஆவது திருத்தம் 1987 இல், போருக்கு நடுவேதான் வந்தது. நடைமுறைக்கு வேண்டிய தமிழ் தெரிந்த அலுவலர்கள் இல்லாததால் அது பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது. உக்ரைன் 2022 டிசம்பரில் போருக்கிடையே சிறுபான்மையினர் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டுத் திருத்தம் ஐரோப்பிய ஒன்றிய மொழிகளைப் பேசுவோருக்கு உரிமைகளைக் கூட்டியது, ரஷ்ய மொழிக்கு அதைத் தரவில்லை.

சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்த பிறகு ஓசூரில் ஒடியா, இந்தி, வங்காளம், அசாமியம் பேசும் தொழிலாளர்களும் பெருகிவிட்டார்கள். இவர்களைப் பழைய சிறுபான்மைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108 ஆவது பிரிவு மட்டும், ஆலையில் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் அங்குள்ள தொழிலாளரில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. மாநிலத்தின் ஆட்சிமொழி எது என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை.